வைத்திலிங்கம் மாமாவின் கருத்து

என் அக்காள் புருஷன் வைத்திலிங்கத்திடம் கருத்து இல்லாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. வெங்காய விலையிலிருந்து வெளிநாட்டுச் சண்டை வரைக்கும் ஒரு தீர்ப்பு தயாராக வைத்திருப்பார். சேத்தியாத்தோப்பிலிருந்து புவனகிரி வழியாகச் சிதம்பரம் வரை ஓடுகிற ஷேர் ஆட்டோ அவருடையது. ஏறியவர்கள் இறங்குகிற வரைக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும், ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கவா முடியும்? ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரில்தான் என் பஞ்சர் கடை. அவர் வண்டியிலிருந்து இறங்குகிறவர்கள் காதைத் தேய்த்துக்கொண்டே போவதை நான் தினமும் பார்ப்பேன்.

"வீராணத்துத் தண்ணி மெட்ராசுக்குப் போவுது மச்சான். ஏரி நம்மளுது, குளிக்கிறவன் அவன். எவனாவது வாயத் தொறந்தானா?" என்பார். "நாலு வழி ரோடு போட்டாங்க. நல்ல ரோடுதான், இல்லேங்கல. அந்தாண்ட இருக்குற வயலுக்கு மாடு எப்படிப் போவும்? பறந்தா போவும்?" என்பார். "செல்லுல சொன்னா பிரியாணி வூட்டுக்கு வருதாமே, அப்புறம் அடுப்பு எதுக்கு, பூனை படுக்கவா?" என்பதும் உண்டு. சில நேரம் சரியாகவும் சொல்லிவிடுவார். ஆனால் சரியோ தப்போ, எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் சொல்வதால் எது எது என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இருந்ததில்லை.

அவரும் சும்மா வளர்ந்த மனுஷர் இல்லை. அப்பா விட்டுப்போன நிலம் தங்கைகள் கல்யாணத்தில் கரைந்தது. கரும்பு ஏற்றுகிற டிராக்டர் ஓட்டினார். பண்ருட்டியில் பலாப்பழ லாரியில் கிளீனராகப் போய் டிரைவர் ஆனார். ஐம்பது வயதைத் தாண்டித்தான் சொந்தமாக ஒரு வண்டி வாங்க முடிந்தது. முன்கண்ணாடியில் மகள் ஸ்ரீமதியின் பெயரைச் சிவப்பில் எழுதினார். அந்த மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. இப்போது வீட்டில் அவரும் என் அக்காள் விருத்தாம்பாளும்தான்.

பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்று வந்ததும் மாமாவின் பிழைப்பு ஆட்டம் கண்டது. அவர் வண்டியில் முக்கால்வாசி சவாரி பெண்கள்தான். சிதம்பரத்தில் ஜவுளிக்கடைக்குப் போகிறவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் எல்லோரும் பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். யார்தான் மாறமாட்டார்கள்? காலி வண்டியில் அவர் கருத்தைக் கேட்க ஆள் இல்லாமல் போகவே, அந்தப் பேச்செல்லாம் வீட்டுக்கு வந்தது. சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்தால் பஸ், கையைக் கழுவினால் பஸ். அக்காள் 'உம்' கொட்டிக்கொண்டு குழம்பு ஊற்றுவாள். நானும் அங்கே சாப்பிட்டவன்தான், எனக்கும் அது காதில் விழுந்தது, அவர் சுபாவம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அக்காளுக்கு இரண்டு கிட்னியும் போயிற்று. சர்க்கரை வியாதி செய்த வேலை. வாரத்துக்கு இரண்டு முறை சிதம்பரம் அரசாங்க ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும், ஒரு முறைகூடத் தவறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முதலில் மாமா ஆட்டோவிலேயே கூட்டிப்போனார். திரும்பி வரும்போது வண்டியின் குலுக்கலில் அவள் வாந்தி எடுத்தாள். அதோடு அவருடைய ஒரு நாள் சவாரியும் போயிற்று. "நீ உன் வேலையப் பாரு, நான் பஸ்ஸுல போய்க்குறேன்" என்று அக்காளே சொல்லிவிட்டாள். அதிலிருந்து அந்த பஸ்தான் அவளுக்கு உயிர். தெருவிலிருந்து சித்தாள் வேலைக்குப் போகும் முத்தம்மாள் அவளுக்கு ஜன்னலோரத்தில் இடம் போட்டு வைப்பாள், இறங்கும்போது கையைப் பிடித்து இறக்கிவிடுவாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மைக் வந்தது.

தேர்தல் பேச்சு சூடுபிடித்த நேரம். கடலூரிலிருந்து இரண்டு பையன்கள், ஏதோ யூடியூப் சேனலாம், மக்கள் கருத்து கேட்க வந்தார்கள். ஸ்டாண்டில் இருந்த மற்றவர்கள் மெல்ல நழுவினார்கள். மாமா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். கேட்கச் சொல்லி ஊரைத் துரத்தியவரை முதல்முறையாக ஒருத்தன் "அய்யா, நீங்க என்னா நெனைக்கிறீங்க?" என்று கேட்கிறான். விடுவாரா? நான் டியூபைத் தண்ணீரில் அழுத்தியபடி முழுசாகக் கேட்டேன். வீராணம், ரோடு, பிரியாணி எல்லாம் வந்தது. கடைசியில் பஸ் வந்தது.

"பொம்பளைங்களுக்கு ஓசின்னா போதும். வூட்டுல வேல இல்லாததுங்க எல்லாம் ஏறி ஊரு சுத்துதுங்க. எங்க வயித்துல அடிச்சாச்சு" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, கொஞ்சம் குரல் இறங்கி, "ஆனா ஒண்ணு தம்பி, எம் பொண்டாட்டி அதுலதான் ஆஸ்பத்திரிக்குப் போறா. அந்த பஸ்ஸு இல்லன்னா அவ எப்பவோ போயிருப்பா. அதையும் சொல்லணுமில்ல" என்றார்.

அதைச் சொன்னார். என் காதால் கேட்டேன். ஆனால் சேனலில் வந்தபோது அது இல்லை. ஊர் சுத்துவதோடு முடிந்துவிட்டது. கீழே பெரிய எழுத்தில், 'ஓசி பஸ் பெண்களை வெளுத்து வாங்கிய ஆட்டோ தாத்தா'. மறுநாளே தெருவில் எல்லார் செல்லிலும் மாமாதான். ஓசூரிலிருந்து ஸ்ரீமதி போன் செய்து அழுதாள். அவருடைய வண்டியில் ஏறிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பெண்களும் இவரைப் பார்த்ததும் அடுத்த வண்டிக்குப் போனார்கள்.

அந்த வாரம் பஸ்ஸில் எவளோ ஒரு வெளியூர்க்காரி அக்காளைப் பார்த்து, "தாத்தா வூட்டம்மாவா? ஊரு சுத்தக் கெளம்பிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். சிலர் சிரித்திருக்கிறார்கள். அக்காள் ஊசி குத்திக் குத்தித் தடித்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை; அதே பஸ்ஸில் வந்த ஒருத்தர் கடையில் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த முறை போக வேண்டிய நாளில் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஒடம்பு முடியல. நாளைக்குப் போறேன்" என்றாள்.

"நாளைக்கு உனக்கு மிஷின் குடுப்பாங்களாடி? ஆட்டோவுல வா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் மாமா.

"வேணாம். உன் பொழப்பக் கெடுத்துக்காத."

மாமா கெஞ்சினார், கத்தினார், ஸ்ரீமதியை விட்டுப் பேசச் சொன்னார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. எவளோ ஒருத்தி சிரித்ததற்கு உயிரை விடுவார்களா என்று திட்டிக்கூட விட்டேன். மாமாவுக்கு ஒரே நினைப்புதான். அந்த வீடியோ போய்விட்டால் பெண்கள் சமாதானம் ஆகிவிடுவார்கள், இவள் பஸ் ஏறிவிடுவாள். "அவனுங்க வெட்டுனதாலதான மச்சான் இவ்வளவும்? முழுசாப் போட்டிருந்தா எவளாவது பேசியிருப்பாளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அடுத்த முறையும் அக்காள் போகாமல் படுத்துக்கொண்டபோது, அன்று காலையே என்னை இழுத்துக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறினார்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்தது அந்த சேனல். சின்ன ரூம். அந்தப் பையன் மாமாவைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகொடுத்தான். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

"தாத்தா! நம்ம சேனல்லயே உங்களுதுதான் டாப்பு. டீ சொல்லட்டுமா?"

"டீ வேணாம் தம்பி. அத எடுத்துடு. எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரிக்குப் போவ மாட்டேங்குறா. போவலன்னா செத்துடுவா."

பையன் முகம் கொஞ்சம் மாறியது. பிறகு தலையைச் சொறிந்தான். "நான் எடுத்தாலும் நாப்பது பேரு டவுன்லோடு பண்ணிப் போட்டுட்டாங்க தாத்தா. எடுத்து ஒண்ணும் ஆவாது. ஒண்ணு பண்ணலாம். மன்னிப்பு கேக்குற மாதிரி ஒண்ணு போடுவோம். அது போய்ச் சேரும்."

மாமா சுவர் ஓரமாக நின்றார். லைட்டைப் போட்டார்கள். வைத்திலிங்கம் என்கிற மனுஷர் தன் வாயால் மன்னிப்பு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "தாய்மாருங்க எல்லாரும் என்ன மன்னிக்கணும்" என்று கையைக் கூப்பினார். பையன், "கொஞ்சம் கண்ணு கலங்குனா நல்லா இருக்கும் தாத்தா, இன்னொரு தடவ" என்றான். மாமா இன்னொரு தடவையும் கும்பிட்டார். எனக்கு அவனை அறையலாம் என்று இருந்தது. மாமா கண்ணால் அடக்கினார்.

சாயந்திரம் ஊருக்குத் திரும்பி பஸ்ஸிலிருந்து இறங்கினோம். எதிரே சிதம்பரம் பஸ்ஸிலிருந்து முத்தம்மாள் சிமெண்ட் படிந்த சேலையோடு இறங்கினாள். மாமா அவளைப் பார்த்ததும் அங்கேயே கையைக் கூப்பிவிட்டார்.

"என்னாண்ணே இது, கைய எறக்கு! அக்காவுக்கு என்னா? ரெண்டு தடவையா ஆளக் காணோம், சீட்டு போட்டு வெச்சுட்டு எழுந்து பாக்குறேன், வரல" என்றாள்.

"நீங்கள்ளாம் கோவமா இருக்கீங்கன்னு..."

"யாரு கோவமா இருக்கா? நீ பேசுறது எங்களுக்குப் புதுசா? உன் வண்டியில எத்தினி வருஷம் குந்தியிருக்கோம்! அன்னைக்கு எவளோ கேலி பண்ணா, நாந்தான் அவளக் கிழிச்சேன். அதோட முடிஞ்சுது. அக்காவ நாளைக்கே அனுப்பு."

மாமா ஓட்டமும் நடையுமாகத்தான் வீட்டுக்குப் போனார். அறுபத்தாறு வயது மனுஷர் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை. அக்காள் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. கால்கள் பொதபொதவென்று இருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது.

"விருத்தா, ஒருத்தருக்கும் கோவம் இல்லடி! முத்தம்மா சொன்னா. கடலூர்லயும் மன்னிப்பு கேட்டுட்டு வந்துட்டேன். நான் முழுசாத்தான் சொன்னேன், அவனுங்க வெட்டிட்டானுங்க. இதோ நிக்கிறானே உன் தம்பி, அவனக் கேளு. அந்த பஸ்ஸு இல்லாட்டி நீயே இல்லன்னு எல்லாம் சொன்னேன்."

அக்காள் அவரையே பார்த்தாள். பேச நேரம் எடுத்தது.

"அங்க வெட்டிட்டாங்க, சரி. வூட்டுல யாரு வெட்டுனா?"

மாமாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"தெனம் சோத்துல குந்தி சொன்னியே. ஓசில போற முண்டைங்களால எம் பொழப்பு போச்சுன்னு. அந்த பஸ்ஸுலதான் நான் போயிட்டு வந்து, உனக்குச் சோறு போட்டேன். ஒரு நாளு, நீ போறது வேறன்னு எங்கிட்ட சொன்னியா? மைக்குக்காரன்கிட்ட சொன்னியாமே, அத எங்கிட்ட சொன்னியா?"

அக்காள் மூச்சை இழுத்துக்கொண்டு, "கேலி பண்ணவ எவளோ. அவளுக்காகவா நான் போவாம இருந்தேன்? எனக்கே அசிங்கமா இருந்துது. ஒம் பொழப்புல மண்ணப் போட்டுத்தான் நான் உசுரோட இருக்கணுமான்னு இருந்துது" என்றாள். அப்படியே முன்னால் சரிந்தாள். நான்தான் பிடித்தேன்.

நானும் சாப்பிட்ட இடம் அது. நானும் கேட்ட பேச்சு.

இருவரும் தூக்கி ஆட்டோவில் போட்டோம். பின்சீட்டில் அக்காளை மடியில் சாய்த்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். வழியில் யாரோ கையை நீட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார்கள், அவர் பார்க்கவேயில்லை. குழி வந்த இடத்திலெல்லாம் வண்டியை மெல்ல இறக்கி ஏற்றினார். அப்போதும் அக்காள் முனகினாள். முனகல் கேட்கும்போதெல்லாம் அவர் தோள் ஒடுங்கியது.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். நுரையீரலில் தண்ணீர் ஏறிவிட்டது, இருதயமும் தாங்குமா என்று சொல்ல முடியாது, மிஷினில் போட்டுப் பார்க்கிறோம் என்றார் டாக்டர். அக்காளைத் தெரிந்த நர்ஸ் ஒருவர் அங்கே இருந்தார். குழாயை மாட்டிக்கொண்டே கோபமாகத்தான் கேட்டார்.

"ரெண்டு தடவ வரலியேம்மா. படிச்சுப் படிச்சுச் சொன்னோமே. ஏன் வரல?"

அக்காள் முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்தது. அதை ஒரு விரலால் விலக்கினாள்.

"பஸ்ஸு வரலம்மா."

"நெனச்சேன். இந்த பஸ்ஸுங்கள நம்பி வந்தா இப்படித்தான். ஒரு ஆட்டோவாச்சும் வெச்சுக்கிட்டு வரக் கூடாதா?" என்றார் நர்ஸ்.

மாமா காக்கிச் சட்டையோடு கதவோரத்தில் நின்றிருந்தார். "பஸ்ஸு வந்துச்சும்மா" என்றார். குரல் வெளியே வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னார். "டயத்துக்கு வந்துச்சு. அது மேல ஒரு தப்பும் இல்ல. நாந்தான்..."

"வெளிய இருங்க பெரியவரே, வேலை நடக்குது."

அக்காள் அவரைப் பார்த்து, பேசாதே என்று தலையை ஆட்டினாள். கதவைச் சாத்தினார்கள். மாமா அதற்கு வெளியில் நின்றுகொண்டு, கேட்க யாரும் இல்லாவிட்டாலும், "வந்துச்சும்மா, பஸ்ஸு வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.