பழைய எண்களும் ரெஹானாவும்

மின்ரயில் கூடுவாஞ்சேரியைத் தாண்டியபோது ரெஹானாவின் தம்பி அழைத்தார். "சார், அக்கா காலைல தவறிட்டாங்க." ஜன்னலுக்கு வெளியே ஏரித் தண்ணீர் வெயிலில் மிதந்து போனது. தாம்பரத்தில் இறங்கத் தோன்றாமல் பல்லாவரம்வரை போய்விட்டேன்.

தாம்பரம் மாடி அலுவலகத்தில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு நினைவிருக்கும். சின்னதாக ஒரு கணினி மொழி உருவாக்கினோம். எழுதும் வரிகளை அப்போதைக்கப்போதே படித்து இயக்கும் இன்டர்பிரட்டரில், கேட்கும் அளவுக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்கி அர்ரே என்னும் எண் வரிசையை அமைப்பது என் வேலை. சோதிப்பது ரெஹானா. ஒதுக்கிய இடத்தை நான் பூஜ்யத்தால் நிரப்பவில்லை. வேகம் குறையும் என்று நினைத்தேன். புது இடம் காலியாகத்தானே இருக்கும் என்றும் நம்பினேன்.

கீழ்க்கட்டளையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் எங்கள் மொழியில்தான் ரிப்போர்ட் அச்சிட்டது. ஒரு மதியம் அங்கிருந்து வந்த தாள்களோடு ரெஹானா என் மேஜைக்கு வந்தார்.

"முரளி, இந்தம்மாவுக்கு சுகர் டெஸ்ட்டே எடுக்கல. நம்பர் மட்டும் வந்திருக்கு."

அது முந்தைய நோயாளியின் சர்க்கரை அளவு. அந்த இடத்தில் அழியாமல் கிடந்திருக்கிறது.

"அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம். இப்ப சொன்னா கஸ்டமர் போயிடுவான்" என்றார் மேலாளர்.

"அதைப் பார்த்து யாராவது மாத்திரை போட்டுட்டா, சார்?" என்று கேட்டுவிட்டு ரெஹானா கைப்பையை எடுத்தார். நானும் எழுந்தேன்.

கீழ்க்கட்டளைக்குப் போய்க் கூடத்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டதில் மூன்று ரிப்போர்ட்டுகள் தவறு. இருவருக்கு ஃபோனில் சொன்னோம். மூன்றாமவர் பள்ளிக்கரணை அம்மாள், ஃபோன் இல்லை. நேரில் போனோம். சதுப்பில் நாரைகள் அசையாமல் நின்றன. நீர் எது, வானம் எது என்று பிரிக்க முடியாத வெளிச்சம். அதற்குள் நடப்பதுபோலவே இருந்தது.

"தப்பு எங்களோடதும்மா, மன்னிச்சிடுங்க. உங்களுக்கு சுகர் பார்க்கவே இல்ல" என்றார் ரெஹானா.

அந்த அம்மாள் எங்களையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அப்போ டீல சக்கர போட்டுக்கலாமா? நாலு நாளா நாக்கு செத்துப்போய் கீதும்மா."

திரும்பும்போது, "என் தப்புன்னே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"புரோகிராமை டெஸ்ட் பண்ணி ஓகே சொன்னது நான்தானே?"

மறுநாள் பூஜ்யம் நிரப்பும் வரிகளைச் சேர்த்தேன். வேகம் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. வாடிக்கையாளரும் போகவில்லை.

தவறு தெரிந்த அன்றே கிளம்பிப் போய்ச் சொல்லிவிடுவது: ரெஹானாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். போன மாதம்கூட என் தவறு ஒன்றைச் சொல்ல ஒரு வீட்டு வாசலில் போய் நின்றேன். மணியை அழுத்தினேன்.