முனிலட்சுமியின் கழுத்துப் பலகை

பாகலூர் நாராயணப்பன் மகள் முனிலட்சுமி எங்களோடு ஓசூரில் ஆறாம் பாரம், அதாவது பள்ளியின் கடைசி வகுப்பு, படித்தாள். ஆண்டு 1954. முப்பத்திரண்டு பேரில் அவள் ஒருத்திதான் பெண். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று மூன்றிலும் வெளுத்துக்கட்டுவாள். பாழாய்ப்போன எஸ்.எஸ்.எல்.சி. கேட்டதோ நாலாவது பாஷையை.

"இங்கிலீசுல போச்சுன்னா குருபரப்பள்ளி மாமனுக்குக் கட்டிக் குடுத்துருவேன். பாசானா டீச்சர் டிரெய்னிங் போ, நான் குறுக்க வரல" என்று அப்பா சொல்லிவிட்டார். மாமனுக்கு நாற்பது வயது, முதல் மனைவி இறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

எங்கள் ஆங்கில வாத்தியார் சேஷகிரி ராவ் ஒரு மகா மேதை. ஆங்கில வகுப்பில் வேறு பாஷை பேசினால் கழுத்தில் ஒரு மரப்பலகை தொங்கும். அடுத்து யார் பேசுகிறாரோ அவர் கழுத்துக்கு அது மாறும். சட்டம் வந்த மறுநாளே நாங்கள் ஊமையானோம். முனிலட்சுமி மட்டும், "சார், இந்தப் பாடம் ஒண்ணுமே புரியல" என்று எழுந்து நின்றாள். பலகை அவளிடம் போனது. அவளுக்குப் பிறகு எவனும் வாய் திறக்காததால், ஆடியிலிருந்து தை வரை அவளிடமே இருந்தது. தினமும் சந்தேகம் கேட்டாள், தினமும் அதே பதில்: "ஆஸ்க் இன் இங்கிலீஷ்!" இங்கிலீஷ் தெரிந்தால் அவள் ஏன் கேட்கப் போகிறாள்?

தை மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார். அது என்ன பலகை என்று ஆங்கிலத்தில் கேட்டார். ராத்திரி பகலாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாளோ என்னவோ, அவள் ஆங்கிலத்திலேயே சட்டத்தை விளக்கினாள். இன்ஸ்பெக்டர் வாத்தியாரைப் பார்த்து, "பலே! நல்ல ஏற்பாடுதான் சார்" என்று தமிழில் சொல்லிச் சிரித்தார்.

முனிலட்சுமி பலகையைக் கழற்றினாள். நேரே போய், இரண்டு கைகளாலும் மரியாதையாக இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் அதை வாங்கிக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. இன்னும் எத்தனை பாடம் பாக்கி என்று வாத்தியாரிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"எட்டுப் பாடம் சார்... நடத்திடறேன் சார்" என்றார் சேஷகிரி ராவ், பயத்தில், சுத்தமான தமிழில்.

பலகை கடைசியாக மாட்டப்பட்ட கழுத்து அதுதான்.

பாக்கிப் பாடங்களைப் புரியும் பாஷையில் நடத்தச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் கிளம்பினார். அந்த இரண்டு மாதமும் முனிலட்சுமி வாத்தியாரை உட்காரவே விடவில்லை, கேள்வியாகக் கேட்டுத் தள்ளினாள். ஆங்கிலத்தில் நாற்பத்தொன்று வாங்கித் தேறினாள். மாமன் வேறு இடத்தில் பெண் பார்த்துக்கொண்டார்.

அவள் டிரெய்னிங் போன பிறகு, புதிதாக வந்த ஆறாம் பாரத்திடம் சேஷகிரி ராவ் பெருமையாகச் சொன்னாராம்: "பாகலூர்ப் பொண்ணு எப்படிப் பாசானா தெரியுமா? ஆறு மாசம் பலகை மாட்டி வச்சேன்."