பெரியப்பாவின் மகன்

வன்னிக்குக் காசு அனுப்ப எங்கள் வங்கி விடுவதில்லை. தடைப்பட்டியலில் இருக்கிற யாருடைய கைக்காவது போய்விடுமாம். டேனிஷ் ஊரான பிராண்டேயில் காற்றாலை இறக்கைகளை உரசி மட்டமாக்குகிற நான் யாருக்கு என்னத்தை அனுப்பிக் கிழிக்கப் போகிறேன்?

புயலில் குளம் உடைந்து, வன்னியில் இருக்கிற அண்ணையின் வீட்டுக்குள் வெள்ளம் ஏறியது. வற்றியபோது வீடெல்லாம் சேறு, கிணற்றுக்குள் செத்த ஆடு. மோட்டர் வைத்து இறைக்கவும் ஆட்களைப் பிடிக்கவும் அவரிடம் காசில்லை. அந்தக் கிழமைதான் வங்கி தடையைக் கொஞ்சம் தளர்த்தியது. பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்களுக்கு மட்டும் அனுப்பலாம். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. உடனே அண்ணைக்குப் போன் எடுத்து, காசு வருகிறது, பொறுங்கோ என்றேன்.

விண்ணப்பத்தை மகள்தான் நிரப்பினாள். அண்ணனா, ஒன்றுவிட்ட அண்ணனா என்று டேனிஷில் கேட்டாள். அண்ணை என் பெரியப்பாவின் மகன். ஒரே வளவில், ஒரே சட்டியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

"அதென்ன ஒண்டுவிட்டது? அண்ணை எண்டா அண்ணைதான். அப்பிடியே போடு."

வங்கி இருவருடைய தகப்பன் பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்தது. பொய்த் தகவல் என்று என் கணக்கையே பூட்டிவிட்டது. தொலைபேசியில் வந்த பெண் தன்மையாகத்தான் பேசினாள். ஒன்றுவிட்டவர்களுக்கு இந்தத் தளர்வு இல்லை, ஆனால் அவர் உங்கள் அண்ணன் அல்ல என்று திருத்தி எழுதினால் கணக்காவது திறக்கும் என்றாள். எனக்குத் தெரிந்த டேனிஷ் எல்லாவற்றையும் கூட்டி, எழுத மாட்டேன் என்று கத்தினேன். வேறு வழியில் அனுப்பலாம் அப்பா என்றாள் மகள். சட்டம் திறந்துவிட்ட வாசல் இருக்க நான் ஏன் களவாய் அனுப்ப வேண்டும் என்று அவள்மேலும் எரிந்து விழுந்தேன்.

பிறகு அண்ணையே போன் எடுத்தார். காசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பிள்ளையள் குடிக்கத் தண்ணியில்லையடா. நானே கிணத்துக்க இறங்கிறன். கால்ல சின்னக் காயம்தான்."

வேண்டாம் என்றேன்.

இறங்கினார். காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்று பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே முடிந்துவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கு மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சமைக்க வேண்டாம் என்று வீட்டில் சொன்னேன். கூடப்பிறந்தவருக்குக் காக்கிற அதே சாவுத் துடக்கு, முப்பத்தோராம் நாள்வரை. அதை ஆரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முகம் கழுவி, சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு, கார் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டினேன். கை குளிர்ந்ததுகூடத் தெரியவில்லை. மரக்கட்டை மாதிரித்தான் வேலைக்குப் போனேன்.

முகத்தைப் பார்த்ததும் மேற்பார்வையாளர் என்னவென்று கேட்டார். செத்தவீடு என்றேன். நல்ல மனுசன், தோளில் கை வைத்தார். கூடப்பிறந்தவர் என்றால் விடுப்பு உண்டு, யார் இறந்தது என்று கேட்டார்.

திரும்பவும் தகப்பன் பெயர் கேட்பார்கள், கடதாசி கேட்பார்கள். எனக்கு ஏலாது.

"ஒன்றுவிட்ட அண்ணன்" என்றேன்.

அப்படியென்றால் அரை நாள் போதும்தானே என்றார் அவர். ஓம் என்றேன்.