ஏழு சிரிப்பும் ஓர் அழுகையும்

துள்ளல் எப்.எம். என்ற வானொலியில் பதினேழு வருசமாக 'ரியா' என்ற பெயரில் கதைத்துக்கொண்டிருந்தவள் மருதமுனை றுக்ஸானாதான் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள். எங்கள் கரையின் நல்ல குணங்களில் அது ஒன்று. ஒரு விசயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லாதவரைக்கும் அது நடக்கவே இல்லை. சொல்லிவிட்டால் போச்சு, அன்றைக்குத்தான் அது நடந்த மாதிரி எல்லோருக்கும் கோபம் வரும்.

கல்முனைப் பிரதான வீதியில் ஒரு போன் கடை, கடைக்குள்ளால் ஏறும் படி, படிக்கு மேலே நிலையம். அந்தப் படிதான் றுக்ஸானாவின் மானத்தைக் காப்பாற்றியது. போன் கடையில் கொம்பியூட்டர் வேலை என்று சொல்லிக்கொள்ளலாம். காலை எட்டரைக்குக் கறுப்பு அபாயாவோடு தலைகுனிந்து கடைக்குள் போகிறவள், ஒன்பது மணிக்கு மைக்கைப் பிடித்து, “என்ன, இன்னும் தூக்கமா? எழும்புங்க! இடுப்பை ஆட்டுங்க!” என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே சலூன்களும் தையல் கடைகளும் ஓட்டோக்களும் அந்த நிலையத்தை வைத்திருந்தன. அவளுடைய காக்கா அப்துல் ஸமட்கூடத் தன் அரிசி மில்லில் அது பாடும்போது எழுந்துபோய் நிறுத்த மாட்டார். “இந்தப் பொம்புள ஆரெண்டு தெரியல்ல” என்று ஒருமுறை சொன்னாராம். தங்கச்சியைப் பற்றி ஒரு காக்கா அதற்குமேல் அன்பாக என்னத்தைச் சொல்ல முடியும்?

புருசன் கட்டாருக்குப் போனவன். முதல் வருசம் கிழமைக்கு ஒருதடவை போன் எடுத்தான், பிறகு பெருநாளுக்கு எடுத்தான், பிறகு நம்பரை மாற்றிவிட்டான். பிள்ளை இல்லை. வீடு எங்கள் வழக்கப்படி பெண்பிள்ளைக்கு எழுதியது என்பதால் அது மட்டும் அவளுக்கு மிஞ்சியது. அதில் அவளும் தாய் ஆயிஷா உம்மாவும் இருந்தார்கள். ஊரிலேயே தெரியாத மாதிரி இருக்கத் தெரியாத ஒரே ஆள் அந்த உம்மாதான். மகள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, “ரெண்டாவது பாட்டுக்குப் பொறகு இருமினாய், தேத்தண்ணி குடிக்கல்லயா?” என்று கேட்பாள்.

நிலையத்தில் றுக்ஸானாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மைக்குக்குப் பக்கத்து ஜன்னலை எப்போதும் ஒரு சாண் திறந்து வைத்திருப்பாள். பாங்குக்காக இல்லை. பாங்குக்கு நேரசூசி இருக்கிறது, மௌத்துக்குத்தான் இல்லை. ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ பிரதான வீதியால் ஜனாஸா அறிவித்துக்கொண்டு போகும்: யார் மௌத்து, எந்த ஊர், எத்தனை மணிக்கு அடக்கம். கேட்ட உடனே பாட்டை இறக்குவாள். அந்த ஊரின் பெயரை அன்றைக்கு முழுக்க வாயில் எடுக்க மாட்டாள். சாய்ந்தமருதை ஆடச் சொல்வாள், நற்பட்டிமுனையை ஆடச் சொல்வாள், மையத்துக் கிடக்கும் ஊரை விட்டுவிடுவாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் செய்கிறாள் என்று யாரும் கவனித்ததுமில்லை.

நிலையம் நோயில் விழுந்து நாலைந்து வருசமாகிறது. ஆடுகிறவன் இப்போது தன் போனிலேயே பாட்டுப் போட்டு ஆடுகிறான். நோன்பு மாதம் முழுக்கப் பாட்டும் இல்லை, விளம்பரமும் இல்லை. நிலையத்தைத் தொடங்கிய மீராசா ஹாஜியார் மௌத்தான பிறகு மகன் இன்ஸாப் பொறுப்பெடுத்தான். முப்பத்திரண்டு வயது, மரியாதையான பிள்ளை, குரலை உயர்த்த மாட்டான். இப்படியான நல்ல பிள்ளைகளிடம்தான் எனக்குப் பயம். றுக்ஸானாவை அக்கா முறை வைத்துத் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவான்.

“தாத்தா, நிலையம் நிக்குமா போகுமா எண்டு எனக்கே தெரியா,” என்று ஒருநாள் வந்து இருந்தான். “உங்கட குரலக் கொம்பியூட்டருக்குப் படிச்சுக் குடுத்தா, நீங்க சுகமில்லாத நாளையிலயும் நிலையம் ஓடும். மூண்டு நாள் வேலதான்.”

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, மைக்குக்கு முன்னால் இருக்கும் அந்தக் கதிரை. அதில் இருந்தால் அவள் ரியா. இறங்கினால், கட்டாருக்குப் போனவன் விட்டுவிட்டுப் போனவள். நிலையம் நின்றால் கதிரையும் போய்விடும் என்று பயந்து ஓம் என்றாள்.

முதல் வேலையாக ஜன்னலைச் சாத்தினான். வெளிச்சத்தம் விழக்கூடாதாம். பெரியநீலாவணையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ஊர்ப்பெயர் முழுவதையும் வாசித்தாள். ஒன்று முதல் அறுபது வரை எண்ணினாள். மூன்றாம் நாள் சிரிக்கச் சொன்னான். பெரிதாக, சின்னதாக, வெட்கத்தோடு, வாயைப் பொத்திக்கொண்டு என்று ஏழு வகைச் சிரிப்பு எடுத்தான்.

“கடசியா ஒரு அழுக, தாத்தா.”

“ஆடுற ரேடியோவுக்கு அழுக என்னத்துக்குத் தம்பி?”

“எதுக்கும் இரிக்கட்டும்.”

பொய்யாக அழ அவளுக்கு வரவில்லை. கடல் ஊருக்குள் வந்த வருசம் வாப்பாவை மூன்றாம் நாள்தான் கண்டெடுத்தார்கள். அதை நினைத்தாள். நினைத்ததுதான் தாமதம், நெஞ்சு உடைந்து “வாப்பா” என்று குளறி அழுதாள். நிறுத்தவும் முடியவில்லை. இன்ஸாப் அசையாமல் இருந்தான். சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான் டிஷ்யூப் பெட்டியை நீட்டினான். அதோடு, குரலை நிலையத்துக்கு எழுதிக்கொடுக்கும் ஒரு கடதாசியையும் நீட்டினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்பம் வைத்தாள்.

இரண்டு கிழமை கழிந்து சொன்னான்: “ஒண்டில் நிலையம் ஓடணும், இல்லாட்டி நீங்க இரிக்கணும். ரெண்டும் ஏலாது தாத்தா.”

கோபப்பட்டுக் கத்தத் தெரிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவளுக்கு வெட்கம்தான் வந்தது. அடுத்த நாளும் ஒன்பது மணிக்கு ரியா கல்முனைக் கரை முழுவதையும் எழுப்பினாள். றுக்ஸானா வீட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். வேலை போய்விட்டது என்று அயலுக்குச் சொல்ல மனம் வராமல், கொரோனாக் காலத்தில் செய்த மாதிரி இப்போதும் வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லிவைத்தாள். அந்த ஊரடங்கு நாட்களில் பின்னறைக்குள் படுக்கை விரிப்பைப் போர்த்துக்கொண்டு போனில் கதைத்துத்தான் நிகழ்ச்சி செய்தாள். அயலுக்கு அதுவும் தெரியும். ஆகவே நம்பினார்கள். இந்தச் சின்னப் பொய்தான் பிறகு அவளைக் குழியில் தள்ளியது.

உம்மா மட்டும் நம்பவில்லை. ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “இது இருமவே இல்லயே மகள். இது நீ இல்ல.”

அப்படிச் சொன்ன ஒரே மனுசி இரண்டாம் மாதம் மௌத்தானாள். ஒரு சனிக்கிழமை, சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனபோது உடம்பு குளிர்ந்திருந்தது. லுஹருக்குப் பிறகு அடக்கம் என்று முடிவாகி, பதினொன்றே முக்காலுக்கு மையத்தைப் பள்ளிக்குத் தூக்குவதாகச் சொன்னார்கள். அந்த நேரத்தைக் கேட்டதும் றுக்ஸானாவுக்கு நிலையத்தின் அட்டவணை நினைவுக்கு வந்தது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நேரம் என்று அவளே எழுதிக் கொடுத்த அட்டவணை அது. பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டு வரை மருதமுனையின் முறை. கொம்பியூட்டருக்குப் பாங்கு நேரம் தெரியும். ஆயிஷா உம்மா மௌத்தானது தெரியாது.

போனை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இன்ஸாப்புக்கு எடுத்தாள். அவன் எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி எடுத்தாள். கடைசியில் குரல் செய்தி அனுப்பினாள்: “தம்பி, எங்கட உம்மா மௌத்து. இண்டைக்கு மட்டும் மருதமுனைய விடுங்க.” அதற்குள் மையத்துத் தூக்கப் போகிறார்கள் என்று கூப்பிட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பெண்களுக்குள் நின்றாள்.

மையத்தை வைத்த சந்தூக்கைத் தோளில் ஏற்றினார்கள். கலிமா சொல்லத் தொடங்கு முன் எல்லோரும் ஒரு கணம் அமைதியாக நின்றார்கள். அந்த அமைதிக்குள்தான் அது வந்தது. சம்மாந்துறையிலிருந்து சொந்தக்காரரை ஏற்றிவந்த ஓட்டோ ஒன்று ஒழுங்கை வாசலில் நின்றது. அதன் ஓட்டோக்காரன் ரேடியோவை நிறுத்த மறந்திருந்தான்.

“மருதமுனை! என்ன, இன்னும் தூக்கமா? எழும்புங்க! இடுப்பை ஆட்டுங்க!”

பிறகு சிரிப்பு, ஏழிலும் பெரியது. பிறகு மேளம். ஓட்டோக்காரன் புண்ணியத்துக்குச் சந்தூக்குக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்ததால் நிறுத்த ஆளில்லை. யாரோ ஓடிப்போய்த் திருகித் திருகி நிறுத்தும்வரைக்கும் ஆயிஷா உம்மாவின் மையத்து அந்த மேளத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது. ஆண்கள் எல்லோரும் வீட்டு வாசலைப் பார்த்தார்கள். பதினேழு வருசம் தெரியாமல் இருந்த விசயம் ஒரு நிமிசத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“போனக் கொண்டு அறைக்குள்ள போனாளே, இதுக்குத்தானா?” என்றாள் பக்கத்து வீட்டு நிப்லா. “அஞ்சு நிமிசத்துக்கு முன்னாலதான் கதவச் சாத்தினவள்.”

“நான் கதைக்கல்ல. நான் இஞ்சதானே நிக்கிறன்!”

“பேசிப் பதிஞ்சு அனுப்பிட்டு வந்திரிக்காள்,” என்றது இன்னொரு குரல். பெண்கள் அவளைச் சுற்றி இருந்த இடத்தைக் காலியாக்கினார்கள்.

அடக்கம் முடிந்து காக்கா வந்தார். உள்ளே வரவில்லை. கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உம்மாட மையத்துப் போகக்குள்ள சிரிச்சிட்டியே புள்ள.”

“அது நானில்ல காக்கா. மெசின். எண்ட குரலப் படிச்சுப் பேசுற மெசின்.”

“மெசின் சிரிக்குமா? உன்ட சிரிப்பு எனக்குத் தெரியாதா? தொட்டில்ல கிடக்கக்குள்ள இருந்து கேட்ட சிரிப்பு.” கேற்றை விட்டார். “உம்மாட மூண்டாம் நாள் கத்தத்த எண்ட பொஞ்சாதி ஊட்டுல ஓதுறம். இஞ்ச ஒருத்தரும் வரமாட்டாங்க.”

மையத்து எடுத்த வீட்டில் அன்று பின்னேரமே ஆளில்லை. உம்மாவின் பாயைச் சுருட்ட மனமில்லாமல் அதற்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். சத்தம் வராமல்தான் அழுதாள். சத்தம் போட்டால் அதையும் நடிப்பு என்பார்களோ என்று பயம். தனக்காக ஒருத்தராவது சாட்சி சொல்ல மாட்டார்களா என்று, பாண்டிருப்புக் கேதீஸ்வரிக்கு எடுத்தாள். தையல்காரி, பத்து வருசமாகத் தினமும் நிலையத்துக்கு எடுத்துக் கதைத்தவள். ரியாவின் குரலை அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

“கேதீஸ், ரெண்டு மாசமா ரேடியோவில பேசுறது நானில்ல. உங்களுக்கு விளங்கல்லயா?”

“என்னக்கா பகிடி? நேத்துக்கூட என்ட பேரைச் சொல்லி வாழ்த்தினீங்களே. இப்பத்தான் நல்ல தெளிவாக் கதைக்கிறீங்க.”

இன்ஸாப் மறுநாள் காலையில்தான் எடுத்தான். கலியாண வீடாம், போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தானாம். உண்மையாகவே வருந்தினான், அவன் நல்ல பிள்ளை அல்லவா? அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“அது மெசின் எண்டு ஒருக்கா ரேடியோவில சொல்லுங்க தம்பி. ஒரே ஒருக்கா.”

“அதச் சொன்னா நிலையம் அண்டையோட சரி. இப்பத்தான் விளம்பரம் ரெண்டு திரும்பி வந்திரிக்கி. வேற ஏதும் செய்றன், கவலப்படாதீங்க.”

செய்தான். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு நிப்லா வீட்டு ரேடியோ வேலிக்கு அப்பாலிருந்து கதைத்தது. றுக்ஸானா அடுப்படியில் நின்றாள். “நான் உங்கள் ரியா. எண்ட உம்மா ஆயிஷா உம்மா எங்களை விட்டுப் போயிட்டா. அவக்காக துஆச் செய்யுங்க...” அதற்குமேல் சொல்ல முடியாமல் குரல் உடைந்து, அழுகை வந்தது. நீளமான அழுகை. 'வாப்பா' என்ற சொல்லை மட்டும் வெட்டி எடுத்திருந்தான். அந்த அழுகை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். கடல் கொண்டுபோனவருக்காக அழுதது அது. அதை எடுத்து உம்மாவின்மேல் போர்த்திவிட்டான். கையில் இருந்த அகப்பையை அவள் எங்கே வைத்தாள் என்று பிறகு தேடவேண்டியிருந்தது.

அரைமணி நேரத்தில் நிப்லா சோற்றுக் கோப்பையோடு வந்து கட்டிப்பிடித்தாள். பின்னால் இன்னும் நாலு பேர் வந்தார்கள். பாய் விரித்தார்கள். அசருக்குப் பிறகு காக்கா கேற்றைத் திறந்து உள்ளே வந்தார். மில்லில் இருந்து நேரே வந்த மாதிரி சேட்டெல்லாம் உமித்தூள். கண் சிவந்திருந்தது.

“கேட்டன் புள்ள. வாப்பா மௌத்தான அண்டைக்கு நீ அழுத மாதிரியே இருந்திச்சு.” தங்கச்சியின் தலையில் கையை வைத்தார். “அண்டைக்கு என்னமோ ஷைத்தான் பூந்திட்டான். இண்டைக்கு அழுதது நீதானே?”

பாயில் இருந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் இந்தப் பாயை இப்போதே சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்று நாளாக அவள் உண்மையாக அழுத அழுகைக்கு ஒரு ஆளும் வரவில்லை.

“ஓம் காக்கா. நான்தான்.”

“மூண்டாங் கத்தம் விடியவே அங்க ஓதிட்டம். நாப்பதாங் கத்தத்த இஞ்சயே ஓதுவம். அண்டைக்கும் ரேடியோவில அப்பிடி ரெண்டு வார்த்த சொல்லு. ஊரெல்லாம் துஆக் கேட்டா உம்மாக்கு நல்லம்.”

எல்லோரும் போன பிறகு இன்ஸாப்புக்கு எடுத்தாள். இந்தமுறை முதல் மணியிலேயே எடுத்தான்.

“தம்பி, நாப்பதாம் நாளும் அந்த அழுகையப் போடுவீங்களா?”

“போடலாம் தாத்தா, அதுக்கென்ன! மௌத்து அறிவித்தல் அந்தக் குரல்லயே போடச் சொல்லி இண்டைக்கு மட்டும் அஞ்சு பேர் எடுத்திட்டாங்க. நிலையம் தப்பிரும் போலதான் இரிக்கி.”

“நான் வந்து வாசிக்கட்டா?”

“சீ, உங்களுக்கு என்னத்துக்குக் கரச்சல்? நீங்க வரத் தேவல்ல.”