ஸ்கேனருக்கு மறுத்த கோப்பு

கீரமங்கலம் கடைத்தெருவில் ஞானசெல்வியின் கம்ப்யூட்டர் கடையில் ஸ்கேனர் பத்து நாளாகத் துணி போர்த்திக் கிடந்தது. அது ஓட, அதைத் தயாரித்த கம்பெனி தரும் சிறு கோப்பு ஒன்று கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று வெளியார் யாரும் பார்க்க முடியாது. அப்படிப்பட்ட எதுவும் இனி வேண்டாமென்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கட்டற்ற மென்பொருளை மட்டும் போட்டிருந்தாள். வீட்டில் முதல் பட்டதாரி அவள். பிரித்துப் பார், மாற்று, யாருக்கும் கொடு என்று அவளை நம்பிக் கொடுக்கப்பட்ட முதல் பொருள் அந்த மென்பொருள்தான். ஒத்துப்போகும் வேறு ஸ்கேனர் வாங்கும்வரை செல்போனில் படமெடுத்துச் சமாளித்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சோலையப்பன் ஒரு கடிதத்தோடு வந்தார். சவூதியில் வேலை பார்த்த அவருடைய தம்பி தமிழ்செல்வன் இறந்துபோயிருந்தான். உடலை அனுப்ப, குடும்பத்தின் சம்மதக் கடிதம் நம்ம நேரம் ஆறரைக்குள் அங்கேயுள்ள ஆபீஸுக்குச் சேர வேண்டும். நாளைய விமானத்தை விட்டால் இன்னும் ஒரு வாரம்.

"ஆத்தா பச்சத்தண்ணிகூட வாயில வைக்கல தங்கச்சி. அவன் மொகத்தப் பாத்துட்டுத்தான் குடிப்பேங்குது."

கோப்பை இறக்கினால் பத்து நிமிட வேலை. அவள் கை மவுஸ் மேல்தான் இருந்தது. ஒருதடவை விட்டுக்கொடுத்தால் பிறகு எதை மறுப்பது என்று தோன்றியது. போட்டோவே போதும் என்று சொல்லி எடுத்து அனுப்பினாள்.

பதில் வர ஒன்றேகால் மணி நேரமாயிற்று. நோட்டரி முத்திரை மேல் நிழல் விழுந்திருக்கிறது, ஸ்கேன் செய்து அனுப்பவும் என்றிருந்தது. கோப்பை இறக்கினாள். ஸ்கேனர் உடனே முனகிக்கொண்டு ஓடியது. முத்திரை எழுத்தெழுத்தாகத் தெளிந்தது. அதற்குள் அங்கே ஆபீஸை மூடிவிட்டார்கள். வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை.

சோலையப்பன் திட்டவில்லை. மெஷின் ரிப்பேராகி அப்போதுதான் சரியானது என்று நினைத்துக்கொண்டார். அவளும் திருத்தவில்லை.

ஒரு வாரம் கழித்துச் சவப்பெட்டி வந்திறங்கிய நாளில், பட்டினி கிடந்த அவருடைய தாய் ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடந்தார். அவர் பார்க்காமலே அடக்கம் முடிந்தது. கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தாள் ஞானசெல்வி. அன்றைக்கு யாருடைய சுதந்திரத்தைக் காப்பாற்றினோம் என்று கேட்டுப் பார்த்தாள். கொள்கை தப்பென்று அப்போதும் அவளால் நினைக்க முடியவில்லை. அதுதான் அவளை வதைத்தது.

மறுவாரம் சோலையப்பன் தம்பியின் இறப்புச் சான்றிதழை ஸ்கேன் எடுக்க வந்தார்.

"மெஷின் ரிப்பேரு மறுபடி வரலையே தங்கச்சி?"

"அது ரிப்பேரே இல்லண்ணே. அன்னைக்கே ஓடியிருக்கும். நாந்தான் ஓட்டல."

எதற்காக என்பதையும் சொன்னாள். சொல்லச்சொல்ல அவளுக்கே அது சின்னதாகிக்கொண்டு போயிற்று.

 அவர் சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேறு ஸ்கேன் கடை இருக்கும் ஆலங்குடிக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.