ராஜாவின் காதும் வெள்ளிக்கிழமை எண்ணெயும்

ஸ்பேனியல் நாய்க்கு முடி சீவிவிடுவதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்பவர்கள், வீட்டில் ஸ்பேனியல் இல்லாதவர்கள்.

இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காதுக்குப் பின்னால் விரலை விட்டால் கடலை அளவில் ஒன்று தட்டுப்படும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுவீர்கள். அடுத்த வாரம் அது பாக்கு அளவு. அதற்கடுத்த வாரம் எலுமிச்சை. நாய் உங்களைப் பார்க்கும், நீங்கள் சீப்பைப் பார்ப்பீர்கள், இரண்டு பேரும் எழுந்து வேறு பக்கம் போய்விடுவீர்கள். ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் என் வீட்டுக் கார் போர்ச்சில் உட்கார்ந்து சில வருஷங்களாக இந்தச் சிக்கைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தப்பாகச் செய்து செய்துதான் தெரிந்துகொண்டேன்.

கமலத்தின் சீப்பு

எங்கள் வீட்டு நாயின் பெயர் கோப்பி. காப்பிக்கொட்டை நிறம். என் மனைவி கமலம் இருந்தவரை அதற்கு ஒரு சிக்கு வந்து நான் பார்த்ததில்லை. ஸ்பேனியலுக்குச் சிக்கே வராது என்றுதான் நினைத்திருந்தேன். தினமும் நாடகம் பார்க்கும்போது அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சீவிக்கொண்டிருந்தது எனக்குக் கண்ணில் பட்டதே இல்லை.

அவள் போன பிறகு இரண்டு வாரம் யாரும் கோப்பியைக் கவனிக்கவில்லை. பதினாறாம் நாள் கருமாதி. வீட்டைக் கழுவினோம், எல்லாரும் தலைக்குக் குளித்தோம். நாயும் இந்த வீட்டு ஆள்தானே என்று அதற்கும் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, சீவாமல் அப்படியே குளிப்பாட்டி வெயிலில் விட்டேன். காய்ந்ததும் காது இரண்டும் கால்மிதி மாதிரி ஆகிவிட்டன. தளர்ந்து கிடக்கும் சிக்கு, தண்ணீர் பட்டுக் காய்ந்தால் இறுகிவிடும் என்று அப்போது தெரியாது. மிருக வைத்தியரிடம் வேலை செய்யும் சீனப் பெண்தான் மலாயில் சொன்னாள், "சிக்காட் டூலு, பாரு மண்டி, அங்கள்" என்று. முதலில் சீவு, பிறகு குளிப்பாட்டு. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அம்மா போனதிலிருந்து அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

"நாய்க்கும் சேர்த்துக் கருமாதிக் குளியல் போட்டது இந்த ஈப்போவுலயே நீங்க ஒருத்தர்தாம்ப்பா."

வெள்ளிக்கிழமை எண்ணெய்

கோப்பியின் காதை ஒரு மாதம் போராடிச் சரிசெய்ததைப் பார்த்த பக்கத்து வீட்டார் நாலு பேரிடம் சொன்னார்கள். அப்படித்தான் பக்கத்து ஊரான பத்து காஜாவிலிருந்து சரோஜா அக்கா வந்தார். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவரும் ராஜாவும் மட்டும். ராஜா வெள்ளையும் பழுப்புமான ஸ்பேனியல். இதயம் பலவீனம், அதனால் தூக்க மருந்து கொடுக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். நாய்க்கு முடி வெட்டும் கடைகளிலோ வாயைக் கட்டித் தூக்கிக்கொண்டு போவார்கள், அது மிரண்டு மூச்சு வாங்கும். தன் கண் முன்னால் நிதானமாகச் செய்கிற ஆள்தான் அக்காவுக்கு வேண்டியிருந்தது.

தொட்டதுமே என் விரல் வழுக்கியது. வெள்ளிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்து ஊறவைத்துக் குளிப்பாட்டுகிறாராம். நாய் முடியிலிருந்து எண்ணெய் முழுசாகப் போகாது. தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அத்தனை சிக்குக்கும் அதுதான் காரணம். எண்ணெயை உறிஞ்சச் சோளமாவைத் தூவி, வேரை விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து ஏழு முடிச்சு எடுத்தேன். எண்ணெய் வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் அக்கா ஒரு டின் முறுக்கைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டார். இவ்வளவு ஆசையாகச் செய்கிறவரிடம் அது தப்பு என்று எப்படிச் சொல்வது? முறுக்கை எடுத்துக் கடித்தேன். அவர் திருப்தியாக ராஜாவைத் தடவிக்கொடுத்தார்.

"நல்லெண்ணெய் வச்சே இவ்வளவு சிக்குன்னா, வைக்காம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும் பாருங்கண்ணே."

மொட்டை

வாயைத் திறக்காதது எனக்கு அது ஒரு தடவையோடு போகவில்லை. ஈப்போவில் ஒரு வக்கீல், செட்டிநாட்டுக் குடும்பம். காரை விட்டு இறங்காமலேயே நாயை நீட்டி, "வெயில் தாங்க மாட்டேங்குது. ஒட்ட வழிச்சிடுங்க" என்றார். ஸ்பேனியலைத் தோல் தெரிய வழித்தால் திரும்ப வளரும் முடி பஞ்சு மாதிரி வளரும், முன்பைவிடச் சீக்கிரம் சிக்கும். எனக்குத் தெரியும். படித்த மனிதரிடம் என்ன வாதாடுவது என்று மிஷினை எடுத்து வழித்துவிட்டேன்.

பஞ்சு வளர்ந்து அவர்கள் பட்ட பாடு பிறகு. அன்று சாயங்காலம் வக்கீல் வந்து நாயை ஏற்றிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் அவர் மனைவி. என்னிடம் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறார், ஆனால் பேச்சு அவர் கணவரிடம் நடந்துகொண்டிருந்தது.

"தைப்பூசத்துக்கு இன்னும் மூணு மாசம் கெடக்கு, அதுக்குள்ள இவனுக்கு எதுக்குங்க மொட்டை?"

கத்தரி

மாதம் ஒரு முறை ராஜா வந்தான். மாதம் ஒரு முறை அதே எண்ணெய், அதே சிக்கு, அதே முறுக்கு. நானும் எடுத்துக்கொண்டே இருந்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம் போர்ச்சில் நாலு நாய்கள் காத்திருந்தன. ராஜாவின் இடது காதுக்குக் கீழே எலுமிச்சை அளவில் ஒன்று, தோலோடு ஒட்டிக்கொண்டு. பிரித்தால் ஒரு மணி நேரமாகும். கத்தரியை எடுத்தேன்.

நான் கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினைந்து வருஷம் பால் வெட்டியவன். பட்டையில் கத்தி எவ்வளவு இறங்க வேண்டும் என்று கைக்குத் தெரியும். மரத்தில் காயம் விழுந்தால் மேற்பார்க்கும் மண்டோர் ஏசுவார். என் நிரை மரங்களில் அவருக்கு ஏச ஒன்றும் கிடைத்ததில்லை. அந்தக் கையை நம்பித்தான் வெட்டினேன். மரம் அசையாமல் நிற்கும் என்பதை மறந்துவிட்டேன். ராஜா தலையைத் திருப்பினான். ஸ்பேனியலின் காது வெற்றிலை கனம்தான். சின்ன வெட்டுதான், ஆனால் அவன் தலையை உதறியதில் சுவரெல்லாம் ரத்தப் புள்ளி. சரோஜா அக்கா கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்து அழுத்திப் பிடித்தார். தாதியின் கை. ரத்தம் நிற்கும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"அண்ணே, இனிமே இவன நீங்க தொட வேணாம்."

பத்து நிமிஷம்

இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. சுவரில் இருந்த புள்ளிகளைத் துடைத்தேன். கத்தரியை உள்ளே வைத்துப் பூட்டினேன். இனி வரமாட்டார் என்றே நினைத்திருந்தேன். பொங்கல் கழிந்து ஒரு நாள் கேட்டில் அவர் நின்றார். மணிக்கட்டில் கட்டு.

"சீப்ப கண்டாலே கடிக்கிறான்ணே. என்னையே கடிச்சிட்டான். தூக்க மருந்து குடுத்து வழிச்சிடலாம்ங்கிறாங்க. இவன் நெஞ்சுக்கு, எந்திரிக்காமப் போனாலும் போயிடுவானாம். வேற எங்க போறதுன்னு தெரியல."

ராஜாவின் இரண்டு காதிலும், முன்னங்கால் இடுக்கிலும் சிக்கு. தோல் இழுபட்டு நடையே மாறியிருந்தது. மேசை வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்தோம். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும் என்றேன். முதல் நாள் சீப்பைக் காட்டவே இல்லை, கையை மட்டும் அருகில் வைத்திருந்தேன். உறுமினான், கடிக்கவில்லை. இரண்டாம் நாள் சோளமாவோடு வலது காது. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. அக்கா பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்தார்.

"இடது காதுக்குக் கொஞ்சம் வச்சா இளகுமாண்ணே?"

"வேணாம்க்கா," என்றேன். "சிக்குக்குக் காரணமே எண்ணெய்தான்."

வாயைத் திறந்த பிறகு நிறுத்த முடியவில்லை. கமலம் போன பதினாறாம் நாள் கோப்பிக்கு நான் செய்ததைச் சொன்னேன். ராஜா வந்த முதல் நாளே எனக்குத் தெரியும், சொல்லக் கூசி விட்டுவிட்டேன், அது வளர்ந்துதான் கத்தரி வரை போனது என்றும் சொன்னேன். அக்கா புட்டியை மூடிப் பையில் வைத்தார். ராஜாவைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் அவர் நேரம் தாண்டியும் கேட்டில் யாரும் இல்லை. சோளமாவு டப்பாவை மூடி வைத்தேன். அதற்குப் பிறகுதான் கார் சத்தம் கேட்டது. ராஜாவின் முடி அன்று விரலில் வழுக்கவில்லை. கால் இடுக்கில் இருந்ததைப் பிரிக்க முடியாது, அங்கே மட்டும் மிஷின் வைக்கட்டுமா என்று கேட்டேன். அக்கா தலையசைத்தார். கடைசியாக இடது காது. பழைய தழும்புக்குப் பக்கத்தில்தான் முடிச்சு. என் விரல் அங்கே போனதும் ராஜா உறுமத் தொடங்கினான், அக்கா மடியில் தாடையை வைத்தான், பிறகு உறுமலை விட்டுவிட்டான். பத்து நிமிஷம் என்றது அரை மணி நேரமானது. முடிச்சு முழுசாகக் கையோடு வந்ததும் எழுந்து தலையை உதறினான். இரண்டு காதும் பட் பட்டென்று கன்னத்தில் அடித்தன. இந்தத் தடவை சுவரில் சோளமாவுதான்.

அக்கா முறுக்கு டின்னைத் திறந்தார். என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டியதும் டின்னைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அத்தன மாசமும் தெரிஞ்சுகிட்டே, என் முறுக்க மட்டும் தின்னுகிட்டு இருந்தீங்க, இல்லண்ணே?"

சிக்கை எடுக்க ஒரு சீப்பும் ஒரு பிடி சோளமாவும் போதும், அது வராமல் தடுக்கத்தான் முறுக்கைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது.