க.உ. சங்கத்துக்கு வந்த கணவர்கள்

கண்டக்டரம்மா பேருந்தில் இருபத்திரண்டு வருஷம் டிக்கெட் கிழித்தவள். முன்படியில் நின்று ஒரு சத்தம் போட்டால், பின்படியில் தொங்குகிறவன் தானாக உள்ளே வந்துவிடுவான். ஓய்வுபெற்ற மறுநாளே சங்கத்துத் தொலைபேசிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஏன் என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டேதான் பென்ஷன் வாங்கணும்னு சட்டமா?" என்றாளாம்.

உண்மைக் காரணம் வேறு. அவளுடைய தங்கை, வேண்டாத கருவைப் பற்றி வெளியே சொல்லப் பயந்து, எவனோ ஓர் அரைகுறை வைத்தியனிடம் போய் உயிரை விட்டவள். அந்த வயிற்றெரிச்சல் அக்காவுக்கு இன்னும் ஆறவில்லை. அதே எரிச்சல் கொண்ட ஒரு டாக்டரும் ஒரு வக்கீலும் சேர்ந்து தொடங்கியதுதான் கருக்கலைப்பு உரிமைச் சங்கம். மனு எழுதி, கூட்டம் போட்டு, சட்டசபை வாசலில் வெயிலில் காய்ந்து, ஒன்பது வருஷத்தில் சட்டத்தையே மாற்ற வைத்தார்கள். பன்னிரண்டு வாரம் வரை அந்தப் பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும். வேறு எவன் சம்மதமும் வேண்டாம்.

சட்டத்தை அசைத்தவர்களால் வீட்டுச் சொந்தக்காரரை அசைக்க முடியவில்லை, போங்கள்! தையல்கடைக்கு மேலே மாடி அறை கொடுத்த அந்த மனுஷன், "எல்லாம் நல்ல காரியந்தாம்மா. அந்த வார்த்தையை மட்டும் போர்டுல போட்டுடாதீங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டார். பெயின்டர் 'க.உ. சங்கம்' என்று எழுதிவிட்டுப் போனார்.

வந்தது வினை. எவனோ ஒரு புண்ணியவான் அதைக் 'கணவர் உரிமைச் சங்கம்' என்று படித்துத் தொலைத்தான். புருஷன்மார் படியேற ஆரம்பித்துவிட்டார்கள். மனைவி பேசுவதே இல்லை என்று ஒருவர், பேச்சை நிறுத்துவதே இல்லை என்று இன்னொருவர். மாமியார் வந்து மூன்று மாசம் ஆகிறது, கிளப்ப வழியுண்டா என்று கேட்டவரும் உண்டு. "உட்காருங்க. கடைசியா எப்பப் பாத்திரம் கழுவினீங்க?" என்பாள் கண்டக்டரம்மா. பாதிப் பேர் அத்தோடு இறங்கிவிடுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எலக்ட்ரீஷியன் ஒருவர் பிளாஸ்டிக் உறையில் காகிதங்களோடு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி, அழுது வீங்கிய கண்ணோடு.

"நீங்கதாம்மா இவளுக்குப் புத்தி சொல்லணும். மூணு இருக்கு. நாலாவது வேண்டாங்கிறா. புருஷன்னா ஒரு உரிமை கிடையாதா?"

கண்டக்டரம்மா உறையைப் பிரித்து ஸ்கேன் சீட்டைப் பார்த்தாள். வருகிற திங்களோடு பன்னிரண்டு வாரம் முடிகிறது. அவரை விட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள்.

"உனக்கு என்னம்மா வேணும்?"

"போன பிரசவத்துலயே நான் பொழைச்சது பெரும்பாடு. இனிமே என்னால ஆகாதும்மா. இவர்கிட்ட சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்குது. எங்கே போறதுன்னும் தெரியலை."

"சரியான இடத்துக்குத்தான் கூட்டிட்டு வந்திருக்காரு," என்ற கண்டக்டரம்மா அவர் பக்கம் திரும்பினாள். "தம்பி, இது கணவர் உரிமைச் சங்கம் இல்லை. கருக்கலைப்பு உரிமைச் சங்கம்!"

பேருந்துக் குரல். கீழே தையல் மிஷின் நின்றுவிட்டது. தினமும் கரன்ட்டோடு புழங்குகிறவருக்கு அன்றைக்குத்தான் ஷாக் அடித்தது.

"ஏய், கிளம்பு. வீட்டுக்குப் போலாம்," என்றார்.

அதுவரை நின்றுகொண்டிருந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்டக்டரம்மாவிடம் சம்மதப் படிவத்தை வாங்கினாள். கையெழுத்தை முழுசாகப் போட்டாள். கண்டக்டரம்மா டாக்டருக்கு போனைச் சுழற்றினாள்.

"நீங்க போங்க," என்றாள் மனைவி. "பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரம். ஏதாவது சாப்பிடக் குடுங்க."

அவர் முறைத்தார். விறுவிறுவென்று படி வரைக்கும் போனவர், அங்கேயே நின்றுவிட்டார்.

"சின்னவன் என்ன சாப்பிடுவான்?"

"அஞ்சு வருஷமா உங்க வீட்லதான் இருக்கான். அவனையே கேளுங்க."